கால் வீக்கத்துக்குத் தைலம் தேய்க்கும் முன்: சேலத்தில் எதை முதலில் செய்வது, எங்கே போவது

சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பதினாறு வருடம் புடவைப் பிரிவில் நின்றேன். காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பது ஆகும், ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் வந்தால் பத்தரை. ஒரு கட்டத்தில் இடது கெண்டைக்காலின் உள்பக்கம் நீலமாக முறுக்கிக்கொண்டு புடைத்தது. சாயங்காலம் ஆனால் கால் கல்லாகக் கனக்கும். அப்புறம் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து அரிக்க ஆரம்பித்தது. அடுத்த இரண்டு வருடம் யார் எதைச் சொன்னாலும் செய்தேன். தைலம், உருவல், பாதக் கருவி, கூழாங்கல் நடை என்று முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போனது. அவற்றில் சில உண்மையிலேயே நல்லவை. ஆனால் வரிசை மாறிச் செய்ததால் காலும் கெட்டது, காசும் போனது. எந்த வரிசையில் செய்திருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. ‘நரம்பு’ என்ற சொல்லைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள்

நம் பேச்சில் எல்லாமே நரம்புதான். ரத்தம் எடுக்க ஊசி குத்தும்போது “நரம்பு கிடைக்கலை” என்கிறோம். கால் மரத்துப்போனால் “நரம்புத் தளர்ச்சி”, நீலமாகப் புடைத்தால் “நரம்பு சுருட்டல்”. இந்த ஒரு சொல்தான் என்னைத் தவறான வாசல்களில் நிறுத்தியது. “நரம்புப் பிரச்சினை” என்று நான் சொன்னதும் நரம்புக்கு வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, நான் சொன்ன சொல் அப்படி.

உங்கள் காலில் இருப்பது மூன்றில் ஒன்றாக இருக்கலாம், ஒன்றுக்கு மேலாகவும் இருக்கலாம்.

தமனி என்பது இதயத்திலிருந்து ரத்தத்தைக் காலுக்குக் கொண்டுவரும் குழாய். அதில் அடைப்பு இருந்தால் கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடும். பாதம் சில்லென்று இருக்கும். விரலில் சின்னப் புண் வந்தால்கூட ஆறாது. பீடி, சிகரெட், சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

சிரை என்பது ரத்தத்தை மேலே திருப்பி அனுப்பும் குழாய். உள்ளே ஒருவழிக் கதவு மாதிரி வால்வுகள் இருக்கின்றன. நடக்கும்போது கெண்டைக்கால் தசை அமுங்கி ரத்தத்தை மேலே தள்ளும். மணிக்கணக்காக அசையாமல் நின்றால் அந்தத் தள்ளல் நின்றுபோகிறது. வால்வும் கெட்டுப்போனால் ரத்தம் கீழேயே தேங்குகிறது. மாலையில் வீக்கம், பாரம், எரிச்சல் எல்லாம் அதனால்தான். காலைத் தூக்கி வைத்தால் குறையும். எனக்கு இருந்தது இதுதான்.

மூன்றாவது, உணர்ச்சியைக் கொண்டுபோகும் உண்மையான நரம்பு. சர்க்கரை நோயில் பாதம் எரியும், பஞ்சில் நடப்பது போலிருக்கும், செருப்பு கழன்று விழுந்தது கூடத் தெரியாது.

இதைப் பிரிக்காமல் சிகிச்சையில் இறங்கக் கூடாது. ஒன்றுக்கு நல்லது மற்றொன்றுக்குக் கெடுதல். காலைச் சுவரில் தூக்கி வைப்பது சிரைக்கு ஆறுதல், தமனி அடைப்பு உள்ளவருக்கு அதே நிலை வலியைக் கூட்டும். இறுக்கமான சாக்ஸ் எனக்கு மருந்து, தமனி அடைத்தவருக்கு ஆபத்து. வெந்நீரில் கால் வைப்பது சாதாரண அலுப்புக்கு இதம், பாதம் மரத்த சர்க்கரை நோயாளிக்கு அதுவே தீப்புண்.

இரண்டு காலும் ஒரே அளவு வீங்கினால் விஷயம் காலில் இல்லாமலும் இருக்கலாம். இதயம், சிறுநீரகம், கல்லீரல் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அம்லோடிபின் மாத்திரைகூடச் சிலருக்குக் கால் வீக்கம் தரும். நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

2. இவை இருந்தால் நேராக 108

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாகி வலித்தால் காத்திருக்காதீர்கள், கூடவே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ இன்னும் அவசரம். உள்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அந்தக் காலை யாரையும் உருவ விடாதீர்கள். கால் திடீரென்று வெளுத்துச் சில்லிட்டு மரத்துப்போவதும் அவசரம்தான்.

புடைத்த சிரை வெடித்து ரத்தம் பீய்ச்சினால் பதறிப்போய்க் குழாயடியில் நின்று கழுவாதீர்கள். அங்கேயே படுத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். நிற்க நிற்க ரத்தம் அதிகமாகப் போகும்.

3. டாப்ளர் ஸ்கேன்: என்ன கொண்டுபோவது, என்ன கேட்பது

டாப்ளர் என்பது காலின் ரத்தக் குழாய்களில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று ஒலி அலையால் பார்க்கும் ஸ்கேன். செலவு செய்ய முடியாதவர்கள் நேராக மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். காலை எட்டு மணிக்குள் புறநோயாளிச் சீட்டு வரிசையில் நின்றுவிடுங்கள். பத்து மணிக்கு மேல் போனால் மருத்துவரைப் பார்க்கவே மதியம் ஆகும், ஸ்கேனுக்கு இன்னொரு நாள் வரவேண்டியிருக்கும். அறுவை சிகிச்சைப் பிரிவுக்குச் சீட்டுக் கேளுங்கள். இரண்டு நாள் கூலி போகும் என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

ஆதார், செல்போன், பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள் கையில் இருக்கட்டும். நாட்டு மருந்து சாப்பிட்டால் அந்தப் புட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள், மறைக்காதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதுவும். இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் தயார் செய்து வையுங்கள். அறுவை சிகிச்சை தேவை என்று சொன்ன பிறகு வருமானச் சான்றுக்கு அலைவது பெரிய வேதனை. உங்களுக்குச் சொன்ன சிகிச்சை திட்டத்தில் வருகிறதா என்பதைக் காப்பீட்டுக் கவுன்டரில் கேட்டுவிட்டே தேதி வாங்குங்கள்.

தனியார் ஸ்கேன் மையத்தில் எனக்கு இரண்டு காலுக்கும் சேர்த்து 2,600 ரூபாய் ஆனது. அதை நான் இரண்டு முறை கொடுத்தேன். முதல் தடவை படுக்க வைத்து மட்டும் பார்த்தார்கள். “ரத்தக் கட்டி இல்லை” என்று அறிக்கை வந்தது. வால்வு கசிகிறதா என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. வால்வுக் கசிவு தெரிய நிற்க வைத்துப் பார்க்க வேண்டும். அதனால் மருத்துவர் சீட்டு எழுதும்போதே “கட்டி இருக்கிறதா, வால்வு கசிகிறதா, இரண்டையும் பார்க்க எழுதிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். மையத்தில் பணம் கட்டும் முன் “நிற்க வைத்துப் பார்ப்பீர்களா?” என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி 2,600 ரூபாய் மிச்சம் பிடிக்கும்.

ஐம்பது வயது தாண்டியவர்களும் புகை பிடிப்பவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் தமனியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடும் எளிய சோதனை ஒன்று உண்டு. கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்தால் வருவது 0.9-க்குக் கீழே இருந்தால் தமனியில் அடைப்பு இருக்கலாம் என்று பொருள்.

4. சித்தா, யோகா பிரிவுகளுக்கு இப்போது போங்கள்

அறிக்கை கையில் வந்த பிறகு மாற்று மருத்துவத்துக்குத் தாராளமாகப் போகலாம், நான் போகிறேன். அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவும், யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பிரிவும் இருக்கின்றன என்பதே பலருக்குத் தெரியவில்லை. புறநோயாளிச் சீட்டு வாங்கும் இடத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். மருந்துக்குக் காசு இல்லை. பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்த மருத்துவர் இருக்கிறார்.

தனியாரிடம் போவதானால் பெயர்ப்பலகையைப் படியுங்கள். சித்தாவுக்குப் பி.எஸ்.எம்.எஸ்., யோகா இயற்கை மருத்துவத்துக்குப் பி.என்.ஒய்.எஸ்., ஆயுர்வேதத்துக்குப் பி.ஏ.எம்.எஸ்., ஹோமியோபதிக்குப் பி.எச்.எம்.எஸ். பதிவு எண்ணும் இருக்க வேண்டும். “பரம்பரை வைத்தியர்” என்று மட்டும் இருந்தால் டாப்ளர் அறிக்கையை நீட்டிப் பாருங்கள். வாங்கிப் படிக்காதவரிடம் காலைக் கொடுக்காதீர்கள்.

அட்டை விடுதல் பற்றியும் கேள்விப்படுவீர்கள். ஆறாத புண்ணுக்குச் சித்தாவில் செய்வதுதான். ஆனால் பட்டம் பெற்ற மருத்துவர் மருத்துவமனையில் வைத்துச் செய்ய வேண்டும், ஒருவருக்கு விட்ட அட்டையை மற்றவருக்கு விடக் கூடாது. ரத்த சோகை உள்ளவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

5. தைலமும் உருவலும்

எனக்கு எழுதிக் கொடுத்தது எரிச்சலுக்குப் பிண்டத் தைலம், மூட்டுப் பக்கம் உளுந்துத் தைலம். அரசு நிறுவனமான டாம்ப்கால், கூட்டுறவு நிறுவனமான இம்ப்காப்ஸ் போன்றவற்றின் தயாரிப்புகள் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போனால் தேட வேண்டியதில்லை. புட்டியில் தயாரிப்பு உரிம எண், தேதி, காலாவதித் தேதி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். லேபிள் இல்லாத புட்டியை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

தேய்க்கும் விதம் முக்கியம். பாதத்திலிருந்து முழங்காலை நோக்கி, மேல்முகமாக, உள்ளங்கையால் மெதுவாகத் தடவ வேண்டும், அவ்வளவுதான். புடைத்த சிரையின் மேலேயே கட்டைவிரலால் அழுத்தி “முடிச்சை உடைக்கிறேன்” என்று ஒருவர் எனக்கு உருவினார். மறுநாள் அந்த இடம் சிவந்து கயிறு மாதிரி இறுகிவிட்டது. மேல்சிரையில் ரத்தம் உறைந்து அழற்சி வந்திருந்தது, மூன்று வாரம் படுத்தேன். தோல் வெடித்திருந்தால், புண் இருந்தால், அங்கே தைலமே வேண்டாம்.

தைலம் பாரத்தையும் எரிச்சலையும் குறைக்கும், காய்ந்த தோலை மிருதுவாக்கும், இரவில் தூக்கம் வரும். கெட்டுப்போன வால்வைத் திருப்பித் தராது. அப்படித் தரும் என்று சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.

6. கல்யாண மண்டபத்து இலவச முகாம்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வயதானவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். மண்டபத்தில் வரிசையாக நாற்காலி போட்டு, பாதம் வைக்கும் அதிர்வுக் கருவியை வைப்பார்கள். பத்து நாள், பதினைந்து நாள் இலவசம். “வாங்கக்கா, சர்க்கரையும் குறையும், மூட்டுவலியும் போகும், அரை மணி நேரம் வச்சா ஐயாயிரம் அடி நடந்த மாதிரி” என்று அன்பாகப் பேசுவார்கள். தினமும் போகிறோம், நாலு பேரோடு உட்கார்ந்து பேசுகிறோம், காலுக்கும் இதமாக இருக்கிறது. கடைசி மூன்று நாளில் “முகாம் முடியுது, சலுகை விலை” என்று கருவியை நீட்டுவார்கள். நான் கொடுத்தது 17,500. ரசீதில் கடை முகவரி இல்லை, செல்போன் எண் மட்டும். நாலு மாதத்தில் மோட்டார் நின்றது, எண்ணும் அணைந்திருந்தது.

கருவி பாதத்தைக் குலுக்குகிறது, சிறிது நேரம் சுகமாக இருக்கும். ஆனால் அது நடைக்கு ஈடு இல்லை. நடக்கும்போது தொடையும் கெண்டைக்காலும் இதயமும் நுரையீரலும் வேலை செய்கின்றன, நாற்காலியில் உட்கார்ந்தால் மோட்டார்தான் வேலை செய்கிறது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், காலில் ரத்தக் கட்டி உள்ளவர்கள் இப்படிப்பட்ட கருவியில் மருத்துவரைக் கேட்காமல் பாதம் வைக்கவே கூடாது. முகாமில் இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. முள் வைத்த அக்குபிரஷர் செருப்பும் அப்படித்தான், பாதம் மரத்தவர்களுக்குக் குத்திப் புண்ணானதே தெரியாது. அவர்கள் மெத்தென்ற ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு வாங்கட்டும்.

வீட்டில் அம்மாவோ மாமியாரோ இப்படி ஒரு முகாமுக்குப் போனால் திட்டாதீர்கள். போகட்டும், பேச்சுத் துணை கிடைக்கிறது. பர்ஸை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

7. அழுத்த சாக்ஸ்

எனக்கு அதிகம் உதவியது இதுதான். தமனியில் அடைப்பு இல்லை என்று உறுதியான பிறகே போட வேண்டும். எந்த கிளாஸ், அதாவது எவ்வளவு அழுத்தம் என்று மருத்துவர் எழுதித் தருவார். எனக்குக் கிளாஸ் 2, முழங்கால் வரை. ஒரு ஜோடி 1,450 ரூபாய்.

அளவு கொடுக்கக் காலை எழுந்ததும் போங்கள். நான் வேலை முடிந்து இரவு போய், வீங்கிய காலில் அளவு கொடுத்தேன். மறுநாள் சாக்ஸ் தொளதொளவென்று கிடந்தது, திருப்பி எடுக்கவும் இல்லை. கணுக்காலின் மிகச் சிறுத்த இடம், கெண்டைக்காலின் மிகப் பருத்த இடம், முழங்காலுக்குக் கீழிருந்து குதிகால் வரை நீளம், இந்த மூன்றையும் அளக்கிறார்களா என்று பாருங்கள். “எம் சைஸ் போதும்” என்று கண்ணால் பார்த்துக் கொடுத்தால் வேண்டாம்.

காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே போட வேண்டும். இரவு படுக்கும்போது கழற்றலாம். மேல் விளிம்பை மடிக்காதீர்கள், மடித்த இடத்தில் இறுகிக் கயிறு கட்டியது போலாகும். இரண்டு ஜோடி இருந்தால் துவைத்து மாற்றலாம். ஆறு மாதத்தில் இழுவை போய்விடும், புதிதாக வாங்க வேண்டும். வருடச் செலவை அப்படிக் கணக்குப் போடுங்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் சாக்ஸ் போடுவது கஷ்டம்தான், ஆனால் கால் அதிகமாக வீங்குவதும் அந்த மாதங்களில்தான். மதியம் ஒரு முறை ஈரத்துணியால் சாக்ஸின் மேலேயே ஒற்றிக்கொள்வேன், தாங்கும்.

8. நடை

வாரத்துக்கு 150 நிமிடம் சற்று வேகமான நடை என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. ஐந்து நாள், அரை மணி நேரம். மூக்கனேரிக் கரை, காந்தி மைதானம், எது உங்கள் வீட்டுக்குப் பக்கமோ அது. 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாக எட்டு கிலோமீட்டர் நடைபாதைகள் தொடங்கினார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே முகாம் போட்டு அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பதற்கும் ஏற்பாடு உண்டு. எட்டு வடிவ நடை நல்லதா என்று கேட்பார்கள். மொட்டை மாடியில் இடம் குறைவாக இருப்பவர்களுக்கு நல்லது. நன்மை எட்டில் இல்லை, நடையில் இருக்கிறது.

நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கும் தமனி நோயாளிகள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, வலி வரும்வரை நடந்து, நின்று, விட்டதும் மறுபடி நடக்க வேண்டும். வாரம் மூன்று நாளாவது, மூன்று மாதமாவது செய்தால்தான் தூரம் கூடுவது தெரியும்.

ஏற்காட்டில் போய் ஒரு மாதம் தங்கினால் ரத்த ஓட்டம் சீராகும் என்று எனக்குச் சொன்னார்கள். 1,500 மீட்டர் உயரத்தில் காற்று நன்றாகத்தான் இருக்கும், கால் வீக்கமும் அந்தக் குளிர்ச்சியில் குறைகிறது. ஆனால் ஏரியைச் சுற்றி நடந்தால்தான் பலன், அறையில் போர்த்திக்கொண்டு படுத்தால் இல்லை. மார்கழி, தை மாதங்களில் விரல் வெளுத்து நீலம் பாய்கிறவர்களும் தமனி அடைப்பு உள்ளவர்களும் அந்தக் குளிருக்குப் போகாமலிருப்பது நல்லது. போனால் கம்பளிச் சாக்ஸ் போடுங்கள், ஹீட்டர் பக்கத்தில் பாதத்தை நீட்டாதீர்கள்.

9. வேலை இடத்தில் உட்காருங்கள்

2021-ல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும், நாள் முழுக்க நிற்க வைக்கக் கூடாது என்பது இப்போது சட்டம். முதலில் மேலாளரிடம் மருத்துவர் சீட்டைக் காட்டிப் பேசுங்கள். நாலு பேர் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. மறுத்தால் தொழிலாளர் துறையிடம் எழுதிக் கொடுக்கலாம்.

வாடிக்கையாளர் நிற்கும்போது உட்கார முடியாது என்பது எனக்கும் தெரியும். அப்போது கவுன்டரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள், இருபது தடவை, மணிக்கு ஒரு முறை. புடவை மறைத்துக்கொள்ளும், யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் கால் மணி நேரம் தலையணைகள் மேல் காலை நெஞ்சுக்கு மேலே வருமாறு வையுங்கள். கட்டிலின் கால்பக்கத்துக்குச் செங்கல் வைத்து நாலு விரல் உயர்த்தினேன், காலையில் எழும்போது இருக்கும் வீக்கம் முக்கால்வாசி போனது. படுத்தால் மூச்சு வாங்குகிற இதய நோயாளிகள் இதைச் செய்யக் கூடாது.

10. சாப்பாடும் நாட்டு மருந்தும்

உப்பு நாளைக்கு ஒரு சின்ன கரண்டி, ஐந்து கிராமுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சாயங்காலத் தட்டுவடை செட்டு எல்லாமே அந்தக் கணக்கில் வரும். நான் செட்டை விடவில்லை, ஞாயிறு மட்டும் என்று வைத்துக்கொண்டேன். மலச்சிக்கல் இருந்தால் முக்கும்போது கால் சிரையிலும் அழுத்தம் ஏறும், அதனால் கீரையும் தண்ணீரும் முக்கியம். பீடி, சிகரெட், புகையிலை மூன்றையும் விடாமல் மற்ற எதைச் செய்தும் தமனி நோய் நிற்காது.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் பூண்டு, இஞ்சி, மஞ்சளைக் குழம்பில் சேர்க்கலாம், மாத்திரையாகவும் சாறாகவும் வேண்டாம், ரத்தக் கசிவு கூடும். வார்ஃபரின் உள்ளவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ நிறுத்தவோ கூடாது, ஒரே அளவாக இருக்கட்டும். அதிமதுரத்தை இருமலுக்கு இரண்டு நாள் சுவைப்பது வேறு, மாதக்கணக்கில் பொடியாகச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும்.

11. எத்தனை நாள் பார்ப்பது

சாக்ஸ், நடை, கால் உயர்த்துதல் மூன்றையும் விடாமல் செய்தால் பாரம் இரண்டு மூன்று வாரத்தில் குறையும். அரிப்பு குறைய எனக்கு மூன்று மாதம் ஆனது. கறுத்த தோல் அப்படியேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கணுக்கால் சுற்றளவைத் தையல் டேப்பால் அளந்து காலண்டரில் எழுதுங்கள், மருத்துவரிடம் காட்ட அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. மூன்று மாதத்தில் அளவு இறங்கவே இல்லை என்றாலோ, கறுத்த இடத்தில் நீர் கசிந்தாலோ, இரண்டு வாரமாகப் புண் ஆறவில்லை என்றாலோ அறுவை சிகிச்சைப் பிரிவுக்குத் திரும்பப் போங்கள். லேசர், ஊசி மருந்து, அறுவை என்று வழிகள் இருக்கின்றன. பழைய டாப்ளர் அறிக்கையைக் கொண்டுபோக மறக்காதீர்கள், அதோடு ஒப்பிட்டுத்தான் எது என்று முடிவு செய்வார்கள்.